கூரை திறந்திருக்கும் இரவுகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கூரையை மாற்றிக் கட்டக் கொட்டேஷன் கேட்டால் இரண்டு பக்கத் தாள் வரும். பழைய ஓட்டைக் கழற்ற இவ்வளவு, புது ரீப்பர் அடிக்க இவ்வளவு, அலுமினியத் தாள் விரிக்க, கண்ணாடிக் கம்பளி போட, முகட்டு ஓடு பதிக்க, இடிபாட்டை அள்ளிப்போகும் லோரிக்கு என்று வரிவரியாகக் கணக்கு இருக்கும். சாயங்காலம் ஆட்கள் இறங்கிப் போகும்போது திறந்த கூரையை யார் மூடுவது, எதைக் கொண்டு மூடுவது என்ற வரி மட்டும் அதில் இருக்காது.

விடுபடும் அந்த வரிக்கான விலையைப் பிறகு பல வருடங்கள் கொடுக்கிறோம். நடுச்சாமத்தில் சீலிங்கில் ஓடும் காலடிச் சத்தம், கடித்து அறுந்த மின்கம்பி, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத செத்த எலி நாற்றம் எல்லாம் பெரும்பாலும் கூரை திறந்திருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாள்களில் குடியேறியவற்றால் வருபவை. வெப்பத்தைத் தடுக்கப் போட்ட கம்பளியே எலிக்கு மெத்தையாகிவிட்ட வீடுகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நிறைய.

கூரையில் கைவைக்க நமக்கு நியாயமான காரணம் இருக்கிறது. மத்தியான வெயிலில் சிமென்ட் ஓடு 50 டிகிரிக்கு மேல் சுடுகிறது. அந்தச் சூடு சீலிங் வழியாக இறங்கி, இரவு பத்து மணிக்கும் மாடி அறைச் சுவரைத் தொட்டால் கைக்குத் தெரிகிறது. கட்டடத் துணைச்சட்டங்களில் 2012-இல் வந்த திருத்தம், கூரை வழியே எவ்வளவு வெப்பம் உள்ளே இறங்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. அதற்கு முன், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழும்பிய தாமான் வீடுகளில் ஓட்டுக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே வெறும் காற்றுதான். தோட்டத்து லயன் வீட்டைவிட்டு வந்து நம் குடும்பங்கள் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் வாங்கிய வீடுகளில் பல இந்த வகை. இப்போது அந்த வீடுகளுக்கு நாற்பது ஐம்பது வயது. பிள்ளைகள் தலையெடுத்து, பெற்றோருக்காகக் கூரையைச் சரிசெய்கிறார்கள். வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டில் கைவைப்பதற்கு முன் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். சீலிங் மூலையில் இருக்கும் சதுரப் பலகையைத் தூக்கித் தலையை நீட்டி, டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் தூசியில் தடம் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக, இரு முனையும் கூராகச் சிதறிக் கிடந்தால் அது கூரை எலியின் புழுக்கை. கைமரத்தின் விளிம்பில் கறுப்பாகப் பிசுக்கேறிய கோடு ஓடினால், எலிகள் உடம்பை உரசிக்கொண்டு தினமும் போய்வரும் பாதை அது. ஒரே மூலையில் குவியலாக, பழக்கொட்டையும் பப்பாளி விதையும் கலந்து கிடந்தால் மூசாங். தமிழ்நாட்டில் மரநாய் என்பார்கள். வீட்டில் யாரும் சமைக்காத நேரத்தில் பண்டான் இலை வாசம் அடிப்பதாகச் சொல்லும் வீடுகளில் பலமுறை மூசாங்தான் இருந்திருக்கிறது. சுவரை ஒட்டிச் சிறுமணிகளாகக் கொட்டிக் கிடப்பதைக் கையுறை போட்டு நசுக்கும்போது மினுமினுக்கும் பொடியாக உதிர்ந்தால் வௌவால். அது தின்ற பூச்சிகளின் சிறகுத்துகள்தான் அப்படி மின்னும். பென்சில் கனத்தில் மண்குழாய் ஒன்று சுவரேறி உத்தரத்தைத் தொட்டிருந்தால் கரையான்.

இவற்றைப் பிரித்தறியாமல் ஒரே மருந்தை அடித்துவிட்டுப் போகும் ஆள் உங்களுக்கு உதவமாட்டார்.

தண்ணீர்த் தொட்டியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நம் ஊரில் தொட்டி பெரும்பாலும் சீலிங்குக்கு மேலேதான் இருக்கிறது. தண்ணீர் வெட்டு வரும் நாள்களில் குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் அதுதான் கைகொடுக்கும். கூரை வேலை செய்கிறவர் அதன் மூடியில் கால்வைத்து ஏறுவார், சமயத்தில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். ஓட்டுத்துகள் விழும். இரவில் தாகத்துக்கு வரும் எலி தவறி உள்ளே விழும். வழவழப்பான தொட்டிச் சுவரில் அதனால் ஏறிவர முடியாது. கீழே இருக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருப்போம். வேலை தொடங்கும் நாளிலேயே மூடியைக் கம்பி போட்டுக் கட்டி, அதன் மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிவிட வேண்டும்.

எலிச் சிறுநீர்க் காய்ச்சலை மலேசியா 2010-இல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த மண்ணுக்கு அது புதிய நோயன்று. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் பிளெட்சர் 1920களிலேயே அதை ஆராய்ந்திருக்கிறார். கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, ஈரத்தில் உயிர்வாழ்ந்து, காலில் கையில் உள்ள சிறு கீறல் வழியாக உடம்பில் ஏறுகிறது. ஆகவே பழைய சீலிங் குப்பையை விளக்குமாற்றால் உலர்வாகப் பெருக்கவே கூடாது. ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஈரத்தோடு அள்ளிப் பையில் கட்ட வேண்டும். வௌவால் எச்சத்திலிருந்து கிளம்பும் தூசி நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சையைச் சுமக்கக்கூடும். பழைய சீலிங் தகடு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட்டாக இருந்தால் உடைக்காமல் நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது குத்தகையாளரின் கடமை. அவர் கொடுக்கவில்லையென்றால் நாம் வாங்கிக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

இனி, கூரை திறந்த பிறகு நடப்பதைப் பார்ப்போம்.

முதல் நாள் ஓட்டைக் கழற்றும் சத்தத்தில், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவை ஓடிவிடும். வீட்டுக்காரர் நிம்மதி அடைவார். ஆனால் வரிசை வீட்டில் ஓடிப்போவது என்றால் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போவதுதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் சீலிங் உயரம்வரை ஒழுங்காக எழும்பியிருக்கும். அதற்கு மேலே, கைமரமும் உத்தரமும் சுவரில் ஏறும் இடங்களில், செங்கல் வைக்காமல் விட்ட பொந்துகளைப் பழைய வரிசைகள் பலவற்றில் காணலாம். நமக்கு வெவ்வேறு கதவெண் உள்ள பத்து வீடுகள் எலிக்கு நீளமான ஒரே கூடம். இங்கே சத்தம் அடங்கியதும் அது திரும்பி வரும். இப்போது புதுக் கம்பளியும் விரித்திருப்போம்.

வெளியிலிருந்து வருபவையும் உண்டு. சுவரை ஒட்டிக் கட்டிய சாரம் மேலே ஏறும் படி. மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு விட்டுப்போகும் நாசிலெமாக் பொட்டலம் அழைப்பு. கழற்றிய மரத்துண்டுகளை மண்ணோடு மண்ணாகச் சுவரோரம் குவித்தால் கரையானுக்குப் பந்தல் போட்டதாகிவிடும். தீபகற்பத்தில் வீடுகளை அரிக்கும் நிலத்தடிக் கரையான்களில் முதலிடம் கோப்டோடெர்மெஸ் கெஸ்ட்ராய் என்ற இனத்துக்கு. மரக்குவியலிலிருந்து சுவர் வெடிப்பு வழியாக மேலேற அதற்கு அதிக நாள் தேவையில்லை. எலி இருக்கும் கூரைக்கு எலியைத் தேடி மலைப்பாம்பு வருவதும் இங்கே அவ்வப்போது செய்தியாகிறது.

பிரிக்பீல்ட்ஸ் இந்த விஷயத்தில் தனிக் கதை. 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் சூறையாடின. மறுவருடம் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் வேண்டாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்றார். அந்தச் செங்கல் வெந்த சூளைகள் இருந்த வட்டாரம்தான் பிரிக்பீல்ட்ஸ். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய்க்கும் அந்தத் தொழிலில் பங்கிருந்தது. பிறகு ரயில்வே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள் எழுந்தன. பழைய கடைவீடுகளும் அதே மாதிரிதான், முகடு ஒன்றாக ஓடும், உள்ளே பல குடும்பங்கள் வாழும். கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடை, பின்சந்தில் சாக்கடை, மேலே மரச்சட்டத்தில் ஓடு. அப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு வீட்டுக் கூரையை மட்டும் திறந்து புதுப்பிக்கும்போதும் அது வரிசை முழுவதற்குமான சங்கதிதான். எனவே வேலை தொடங்கும் தேதியை இரு பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்டியிடம் “பொறி வாங்கித் தர்றேன், உங்க சீலிங்லயும் வெச்சுக்கலாமா?” என்று கேட்பது மரியாதையும்கூட, காரியமும்கூட.

கிள்ளானுக்கு வேறொரு பாடம் உண்டு. அங்கே மின்கம்பியிலும் கூரை முகட்டிலும் வரிசைகட்டி உட்காரும் காகங்கள் இந்த மண்ணின் பறவைகள் இல்லை. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவை. காப்பித் தோட்டங்கள் மறைந்துவிட்டன, காகங்கள் பெருகின. பின்னாளில் நகராண்மைக் கழகம் ஆள்வைத்து அவற்றைச் சுட வேண்டி வந்தது. ஓர் உயிரை விரட்ட அவசரத்தில் எதையாவது கொண்டுவந்து வைப்பது எங்கே போய் முடியும் என்பதை அந்த ஊர் நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எலி மருந்து விஷயத்தில் நான் உறுதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கூரை வேலைக்கு முன் சீலிங்கில் விஷக்கட்டி வைக்காதீர்கள். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் இந்த விஷங்களைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடி, கம்பளிக்கு அடியிலோ சுவர் இடுக்கிலோ போய்ச் சாகும். வாரக்கணக்கில் நாறும், ஈ மொய்க்கும், புதிதாகப் போட்ட கம்பளியைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் ஏறும். செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை ஆந்தை வளர்த்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஆந்தையைக் கொல்லும் வழியை நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டாம். பொறியே போதும். வேலைக்கு இரண்டு வாரம் முன்பே, பிசுக்குக் கோடு ஓடும் பாதையில், சுவருக்குக் குறுக்காக வைக்க வேண்டும். அந்துருண்டை தூவுவதும் பலனில்லை. நம் காதுக்குக் கேட்காத ஒலியெழுப்பி எலியை விரட்டும் என்று விற்கும் கருவிகளும் அப்படித்தான். 2001-இலேயே அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்த அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

மூசாங்குக்கு வேறு வழி வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானுக்குத்தான் சொல்ல வேண்டும். குட்டிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். குட்டியை உள்ளே வைத்து வழியை அடைத்தால் தாய் புது ஓட்டையும் பெயர்க்கும். குட்டி இல்லையென்றால், வெளியே தள்ளித் திறக்கும், உள்ளே தள்ளத் திறக்காத தகட்டுக் கதவு ஒன்றை அது போய்வரும் வழியில் பொருத்தினால் இரவில் தானாகப் போய்விடும். வௌவாலுக்கும் இதே முறை, தகட்டுக்குப் பதில் மேலே மட்டும் கட்டித் தொங்கவிட்ட வலை. கொசுவையும் பூச்சியையும் தின்று நமக்கு நன்மை செய்யும் பிராணி அது, கொல்ல எந்த நியாயமும் இல்லை. தேன்கூடோ குளவிக்கூடோ தெரிந்தால் ஆட்களை மேலேற்றாமல் பொதுத் தற்காப்புப் படையை அழையுங்கள்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. கூரை திறந்திருக்கும் நாள்கள் ஆபத்தானவை. ஆனால் இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும் வாய்ப்பும் அவைதான். பொதுச் சுவரின் உச்சியில் இருக்கும் பொந்துக்கு இப்போதுதான் செங்கல்லும் சாந்தும் கொண்டு கை எட்டும். கம்பளி விரித்து ஓடு போட்ட பிறகு அங்கே யாரும் போகப்போவதில்லை. ஆகவே வேலையின் வரிசையைக் கறாராகப் பேச வேண்டும்: உள்ளே இருப்பவை வெளியேறிய பிறகுதான் அடைப்பு, அடைத்த பிறகுதான் கம்பளி. நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கம்பளி விரித்து, ஓடு மூடி, சத்தம் கேட்ட பிறகு பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை அழைக்கிறார்கள்.

அடைப்பதில் கவனிக்க வேண்டிய முதல் இடம் இறவாணம். சுவரைத் தாண்டி ஓடு நீளும் ஓரத்தில், ஒவ்வோர் ஓட்டின் வளைவுக்கு அடியிலும் பிறை வடிவில் ஓர் இடைவெளி இருக்கும். மைனாவும் எலியும் நுழையும் வாசல் அது. கூரை எலி ஒன்றுக்கு நம் பெருவிரல் நுழையும் துளையே போதும். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் சீப்பு பறவையை நிறுத்தும், எலி அதைக் கடித்துவிடும். துத்தநாகம் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகு வலை, 6 மில்லிமீட்டர் கண்ணுள்ளது, ரீப்பருக்கும் பாசியா பலகைக்கும் இடையே மடித்து ஆணியடிக்க வேண்டும். அந்தப் பிறையைச் சிமென்ட் பூசி முழுக்க மூடச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கூரைக்குள் காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். வலை என்றால் காற்று போகும், எலி போகாது. அடுத்தது ஏர்கோன் குழாயும் ஆஸ்ட்ரோ கம்பியும் சுவரைத் துளைத்து நுழையும் ஓட்டைகள். நுரையை மட்டும் பீய்ச்சி அடைத்தால் எலி ஒரே இரவில் குடைந்துவிடும். எஃகுக் கம்பளியைத் திணித்து அதன் மேல் சாந்து பூச வேண்டும். மாமரக் கிளையோ ரம்புத்தான் கிளையோ கூரைக்கு இரண்டு மீட்டர் நெருக்கத்தில் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

எந்தப் பொருள் போடுவது என்பதிலும் இந்தக் கண் வேண்டும். அலுமினியத் தாளில் எலி கூடு கட்ட முடியாது, கிழிக்க மட்டுமே முடியும். ஆனால் அதன் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். மேல்நோக்கிய பக்கத்தில் தூசியும் எச்சமும் படிந்தால் பலன் குறைந்துகொண்டே வரும், அதனால் பளபளப்புக் கீழே பார்க்க இருப்பது நல்லது. கண்ணாடிக் கம்பளியும் பாறைக் கம்பளியும் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், எலிக்கு அவற்றில் தின்ன ஒன்றுமில்லை. ஆனால் குடைந்து கூடு வைக்கும். ஆகவே இறவாண வலை இல்லாத வீட்டில் கம்பளி போடுவது வீண்செலவு. வெளிச்சுவரில் நுரைப் பலகை ஒட்டும் முறையும் இப்போது இங்கே பேசப்படுகிறது. குளிர்நாடுகளில் அது பழையது. ஜெர்மனியில் அப்படிப்பட்ட சுவர்களை மரங்கொத்திகள் துளைத்துக் கூடு வைக்கின்றன. கரையான் கடுமையாக உள்ள அமெரிக்கத் தென்பகுதியில் நிலத்துக்குக் கீழே நுரைப் பலகை போவதைக் கட்டட விதியே கட்டுப்படுத்துகிறது. கரையான் அதற்குள் மறைவாகக் குடைந்து ஏறும், வெளியே மண்குழாய் கண்ணுக்கே தெரியாது. நம் மண்ணில் அந்தப் பலகையைத் தரையிலிருந்து எட்ட நிறுத்தாமல் ஒட்ட விடக்கூடாது.

மழையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எல்லாரும் அதை மட்டும்தான் நினைக்கிறார்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை தப்பாது. ஜூன், ஜூலை ஓரளவு வறண்ட மாதங்கள், வேலையை அப்போது வைப்பது நல்லது. எந்த மாதமானாலும் முழுக் கூரையையும் ஒரே நாளில் திறக்க விடாதீர்கள். அன்றைக்கு மூட முடிகிற பகுதியை மட்டும் கழற்ற வேண்டும். கன்வாஸ் மழையைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. ஓரம் காற்றில் தூக்கிக்கொள்ளாமல் சட்டம் வைத்து ஆணியடித்து இறுக்கினால்தான் பறவையும் மூசாங்கும் நுழையாது. தொய்ந்து குழிந்த கன்வாஸில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏழெட்டு நாளில் அது பறக்கும். நாட்டிலேயே டிங்கி அதிகம் பதிவாகும் மாநிலங்களில் சிலாங்கூர் முன்னணியில் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, கொசு உருவாகும் இடத்துக்கு அபராதம் அந்த இடத்துக்குரியவருக்கே வரும். நம் வீட்டுக் கன்வாஸால் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த அபராதமும் அதற்கு ஈடாகாது. சரிவாக இழுத்துக் கட்டுவது பத்து நிமிட வேலை.

இவ்வளவையும் வாயால் சொன்னால் போதாது. “பாஸ், இதையும் எழுதிடுங்க” என்று கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தினமும் ஐந்து மணிக்குள் திறந்த பகுதியை மூடுவது, மேலே உட்கார்ந்து சாப்பிடாமல் இருப்பது, மரத்துண்டுகளை அன்றன்றே அகற்றுவது, இறவாணம் முழுக்க எஃகு வலை, பொதுச் சுவர்ப் பொந்து அடைப்பு, தொட்டி மூடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கொஞ்சம் கூடுதல் வெள்ளி கேட்பார், கொடுக்கலாம். பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைப்பதென்றால் 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி பூச்சிமருந்து வாரியம் வழங்கிய உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் நிறுவனம் வேண்டாம்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், நல்ல வெயில் நேரத்தில் மேலே ஏறுங்கள். பலகையை மூடி, டார்ச்சை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை இருங்கள். இறவாணத்தில் வலைக்கண் வழியாக வரும் ஒளி பொடிப்பொடியாக, ஒரே சீராகத் தெரிய வேண்டும். அதில் எங்காவது பெரிய வெளிச்சப் பொட்டு இருந்தால் அங்கே வலை விலகியிருக்கிறது. பொதுச் சுவர்ப் பக்கம் வெளிச்சமே தெரியாது, டார்ச் அடித்துக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். பொத்தல் கண்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, தொட்டி மூடியையும் திறந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். வட்டம் போட்ட இடங்கள் அடைபட்ட பிறகு பணம் கொடுத்தால் போதும்.